முதுகுக்குள்ள வைக்கிற கேஜ்: பட்டனைத் தட்டினதோட முடியற வேலை இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கத்துல, 3டி பிரிண்டிங்ல முதுகெலும்பு செய்யறதைப் பத்தி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. இந்த விஷயத்தை தமிழ்ல எழுதணும்னு உங்களுக்குத் தோணினதே எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம், அதை வெட்டி எடுத்து வேலை செய்யற இடத்துல சுவத்துல ஒட்டியும் வச்சிருக்கோம். ஆனா அதுல ஒரு வரி மட்டும் அன்னையிலேர்ந்து மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. "கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு பட்டனைத் தட்டினா போதும், சில மணி நேரத்துல முதுகெலும்பு ரெடி"ன்னு போட்டிருந்தாங்க. அந்தப் பட்டனைத் தட்டினதுக்கு அப்புறம் நடக்கற வேலையைத்தான் நான் ஒன்பது வருஷமா செய்யறேன், அதாவது பிரிண்ட் ஆகி வர்ற டைட்டானியம் பீஸை சுத்தம் பண்ணி, அளந்து, பாஸா ரிஜெக்டான்னு முடிவு பண்ற செக்‌ஷன். அதுபோக எங்க அம்மா முதுகுலயும் ரெண்டு கேஜ், அதாவது முள்ளெலும்புக்கு நடுவுல வைக்கற சின்னக் கூண்டு, இருக்கு. ரெண்டு பக்கமும் நின்னு பார்த்தவன்ங்கறதால இதை எழுதறேன், நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல அந்தப் படம். நீங்க போட்டிருந்தது முழு முள்ளெலும்பு, பார்க்க பிரமாதமா இருந்துச்சு. அப்படி முழு எலும்பையே பிரிண்ட் பண்ணி வச்சது உண்மைதான். 2014ல பெய்ஜிங்ல 12 வயசுப் பையனுக்கு கழுத்துல இரண்டாவது எலும்புல புத்துநோய் கட்டி, அந்த எலும்பையே எடுத்துட்டு அதுக்கு பதிலா பிரிண்ட் பண்ணின டைட்டானியம் எலும்பை லியு ஜொங்ஜுன்ங்கற டாக்டரோட டீம் வச்சாங்க. 2015 கடைசில சிட்னியில ரால்ஃப் மாப்ஸ்ங்கற நரம்பியல் சர்ஜன் கழுத்தோட முதல் ரெண்டு எலும்புல கட்டி வந்த ஒருத்தருக்கு 15 மணி நேரம் ஆபரேஷன் பண்ணி, அவர் அளவுக்கே செஞ்ச பீஸை வச்சார். 2016ல மறுபடி பெய்ஜிங்ல அஞ்சு முள்ளெலும்புக்கு பதிலா 19 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே பீஸா வச்சாங்க. இதெல்லாம் வேற வழியே இல்லாத நோயாளிங்களுக்கு செஞ்சது. ஆனா முதுகுவலிக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னதும் உங்க கட்டுரையை கையில வச்சுக்கிட்டு "எனக்கும் புது முதுகெலும்பு வைப்பாங்களா"ன்னு கேக்கப்போற ஆளுக்கு கிடைக்கறது அது இல்ல. அவங்களுக்கு வைக்கறது கட்டைவிரல் நுனி அளவுக்கு இருக்கற கேஜ்.

கேஜ்னா கூண்டு, பேருக்கு ஏத்த மாதிரியே இருக்கும். ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க், நாம ஜவ்வுன்னு சொல்றோமே அது, தேய்ஞ்சு தட்டையாகி, கால் நரம்பு மேல அழுத்தம் வந்து, மருந்து, பிசியோதெரபி எதுவும் கேக்காம போற கட்டத்துல, சர்ஜன் அந்த டிஸ்க்கை சுரண்டி எடுத்துட்டு அந்த இடத்துல இந்தக் கூண்டை சொருகறாரு. அது ரெண்டு எலும்பையும் பழைய இடைவெளிக்கு தூக்கிப் பிடிக்கும், நரம்புக்கு இடம் கிடைக்கும். பின்னாடி ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு ஆடாம பிடிச்சுக்குவாங்க. கூண்டுக்கு உள்ள எலும்புத் துகள் வைப்பாங்க. அப்புறம் மாசக்கணக்குல மேல் எலும்பும் கீழ் எலும்பும் அந்தக் கூண்டு வழியா வளர்ந்து ஒண்ணா கூடணும். இந்த "கூடணும்"ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. ஏன்னா கேஜும் ஸ்க்ரூவும் ஆயுசுக்கும் தனியா பாரம் தாங்கறதுக்கு வச்சது இல்ல, எலும்பு கூடற வரைக்கும் தாங்கினா போதும், அதுக்கப்புறம் எலும்பே தாங்கிக்கும். எலும்பு கூடலைன்னா தினமும் குனிஞ்சு நிமிந்து நடந்து ஆயிரக்கணக்கான தடவை அந்த உலோகம் மேல பாரம் ஏறி எறங்கி ஏறி எறங்கி ஒரு நாள் ஸ்க்ரூ லூசாகும், இல்ல கம்பி முறியும், இல்ல கேஜ் எலும்புக்குள்ள புதைஞ்சு போயிரும், அப்புறம் மறுபடி ஆபரேஷன் டேபிள்.

அதனால எங்க தொழில்ல கேள்வி எப்பவும் "எவ்வளவு ஸ்ட்ராங்"கறது இல்ல, "எலும்பு இதை ஏத்துக்குமா"ங்கறதுதான். இதுக்குப் பின்னாடி இருக்கற கதையை உங்க கட்டுரை தொடவே இல்ல, ஆனா அதுதான் ஏன் பிரிண்டிங்ங்கறதுக்கே பதில். இந்தக் கூண்டு முதல்ல போனது மனுஷனுக்கு இல்ல, குதிரைக்கு. கழுத்து எலும்பு தண்டுவடத்தை நெரிச்சு தள்ளாடி விழற குதிரைங்களுக்கு, ஜார்ஜ் பேக்பிங்கற அமெரிக்க எலும்பு டாக்டர் ஓட்டை போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒண்ணை வடிவமைச்சார், அதுக்குள்ள எலும்புத் துகளை அடைச்சு கழுத்துல வச்சாங்க, குதிரைங்க எழுந்து நடந்துச்சு. அதுலேர்ந்து வந்த டைட்டானியம் கேஜ் ஒண்ணு மனுஷங்களுக்கு 1996ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு. அப்ப அது கடைஞ்செடுத்த கெட்டி டைட்டானியம். டைட்டானியத்தை எலும்புக்குப் பிடிக்கும்ங்கறது அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும், 1950கள்ல ஸ்வீடன்ல பிரானமார்க்னு ஒரு விஞ்ஞானி முயல் கால் எலும்புக்குள்ள ரத்த ஓட்டம் பார்க்கறதுக்காக டைட்டானியத்துல சின்னதா ஒரு கருவி வச்சாரு, ஆராய்ச்சி முடிஞ்சு கழட்டலாம்னு பார்த்தா வரவே இல்ல, எலும்பு அதோட ஒட்டி ஒண்ணாயிருச்சு. இன்னைக்கு பல் இம்ப்ளான்ட் வைக்கறதெல்லாம் அந்த ஒரு முயல் காலுலேர்ந்து வந்ததுதான்.

பிடிச்சிருக்கு சரி, ஆனா கெட்டி டைட்டானியம் எலும்பை விட ரொம்ப விறைப்பு. கணக்கு சொல்றேன், விறைப்பை ஜிகா பாஸ்கல்ல அளப்பாங்க, டைட்டானியம் அலாய்க்கு, அதாவது டைட்டானியம் கலப்பு உலோகத்துக்கு, சுமார் 110, நம்ம எலும்போட கெட்டியான வெளிப்பக்கத்துக்கே 20க்குள்ள, உள்ள இருக்கற பஞ்சு எலும்புக்கு அதுலயும் ரொம்பக் குறைச்சல். மெத்தை மேல இரும்புக் கட்டி வச்ச மாதிரி, கேஜ் எலும்புக்குள்ள எறங்கும். இன்னொண்ணு, பாரத்தை எல்லாம் உலோகமே வாங்கிக்கிட்டா எலும்புக்கு வேலை இருக்காது, வேலை இல்லாத எலும்பு மெலிஞ்சு போகும், அது எலும்போட சுபாவம். சரின்னு பீக்ங்கற பிளாஸ்டிக்குக்கு மாறினாங்க, அதோட விறைப்பு 3லேர்ந்து 4தான், எக்ஸ்ரேவுல மறைக்காது, உள்ள எலும்பு வளருதான்னு டாக்டரால தெளிவா பார்க்க முடியும். ஆனா எலும்பு அதோட ஒட்டாது, சுத்தி ஒரு நார் மாதிரி திசுவை போத்தி அந்நியனாவே வச்சிருக்கும். அதுக்கு பீக் மேல டைட்டானியத்தை பூசிப் பார்த்தாங்க, சொருகும்போது சுத்தியல் அடியில பூச்சு உரிஞ்சு வர்ற தொல்லை. அதாவது ஒட்டறது விறைப்பா இருக்கு, விறைப்பு இல்லாதது ஒட்ட மாட்டேங்குது, இப்படியே ரொம்ப வருஷம் ஓடிச்சு.

பிரிண்டிங் உள்ள வந்தது இந்த இடத்துலதான். டைட்டானியம்தான், ஆனா கெட்டியா இல்லாம உள்ளேயும் வெளியேயும் ஓட்டை ஓட்டையா, ஒரு ஓட்டைக்கும் இன்னொரு ஓட்டைக்கும் வழி இருக்கற மாதிரி, கடற்பஞ்சு மாதிரி செஞ்சா விறைப்பும் எலும்பு பக்கமா இறங்கி வருது, எலும்பும் ரத்தக்குழாயும் உள்ள நுழைஞ்சு வளர இடமும் கிடைக்குது. ஓட்டை சுமார் 300லேர்ந்து 700 மைக்ரான் வரைக்கும் வைப்பாங்க, அதாவது அரை மில்லிமீட்டரை ஒட்டி. ரொம்ப சின்னதா இருந்தா ரத்தக்குழாய் போகாது, ரொம்ப பெருசா இருந்தா எலும்பு தாண்டிப் பிடிக்கறதுக்கு எட்டாது, பீஸும் பலம் குறைஞ்சிரும். இந்த மாதிரி உள்ளுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போற வழியை எந்த லேத்துலயும் கடைய முடியாது, எந்த டிரில்லும் உள்ள போய் திரும்பாது. பிரிண்டிங் இங்க வேகத்துக்காக வரலைங்க, வேற எப்படியும் செய்ய முடியாத ஒரு உருவத்துக்காக வந்துச்சு. இதை உங்க கட்டுரை சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

இப்ப அந்தப் பட்டன். மெஷினுக்குள்ள டைட்டானியம் பவுடர், ஒவ்வொரு மணியும் 15லேர்ந்து 45 மைக்ரான், நம்ம தலைமுடியை விட சன்னம். ஆர்கான் வாயு நிரப்பின அறை. ஒரு பிளேடு மெல்லிசா ஒரு படலம் பவுடரை பரப்பும், லேசர் வந்து தேவையான இடத்தை மட்டும் உருக்கும், தட்டு ஒரு படலம் கீழ எறங்கும், மறுபடி பவுடர், மறுபடி லேசர். ஒரு படலம் 30 மைக்ரான்னு வச்சுக்கிட்டா 12 மில்லிமீட்டர் உயரம் இருக்கற கேஜுக்கு 400 படலம். ஒரே தட்டுல பல அளவுல வரிசையா நிக்கும். இன்னொரு வகை மெஷின்ல லேசருக்கு பதிலா எலக்ட்ரான் கதிர், ஆர்கானுக்கு பதிலா வெற்றிடம், பவுடர் மொத்தத்தையும் 600, 700 டிகிரி சூட்டுலயே வச்சிருப்பாங்க, அந்த பவுடர் சுத்தி லேசா இறுகிப் போய் கட்டியா வரும், ஊதினாலும் போகாது, அதே டைட்டானியம் பவுடரை காத்தோட பீச்சி அடிச்சுத்தான் உதிர்க்கணும்.

எங்க செக்‌ஷனுக்கு தட்டு வர்றப்போ பார்க்க ஒண்ணுமே அழகா இருக்காது, மங்கின சாம்பல் கலர், தொட்டா மணல் காகிதம் மாதிரி சொரசொரன்னு. நான் சேர்ந்த முதல் மாசம் நடந்த ஒண்ணை சொல்றேன். ஒரு தட்டை நானே சுத்தம் பண்ணினேன், தட்டி, காத்தடிச்சு, அல்ட்ராசோனிக் தொட்டியில ரெண்டு தடவை போட்டு எடுத்து, காய வச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்தா ஓட்டை வழியா வெளிச்சம் சுத்தமா வருது, பாஸ்னு எழுதிட்டேன். பக்கத்துல சீனியர் ஒருத்தர், நாங்க எல்லாரும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம், ஒண்ணும் பேசாம வெள்ளை ஃபில்டர் பேப்பர் ஒண்ணை டேபிள்ல விரிச்சார், என் பீஸ்ல ஒண்ணை எடுத்து சாய்ச்சுப் பிடிச்சு, ஒரு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால மெதுவா நாலு தட்டு தட்டினார். பேப்பர்ல மூணு புள்ளி. பென்சில் முனையால தொட்ட மாதிரி மூணே மூணு. அதை மைக்ராஸ்கோப்புல வச்சு என்னைப் பார்க்கச் சொன்னார், உருண்டை உருண்டையா, பளபளன்னு, உருகாத பவுடர் மணிங்க. "தம்பி, இது ஒருத்தர் தண்டுவடத்துக்கு ரெண்டு விரக்கடை தூரத்துல இருக்கப் போகுது"ன்னார், அவ்வளவுதான், திட்டல. அந்த தட்டு மொத்தத்தையும் திரும்ப சுத்தம் பண்ணினேன். அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் வெள்ளை பேப்பர் இல்லாம நான் கையெழுத்து போட்டது இல்ல. அரை மில்லிமீட்டர் ஓட்டை, அதுக்குள்ள 40 மைக்ரான் மணி, எத்தனை மூலை எத்தனை வளைவு, எங்க வேணும்னாலும் ஒளிஞ்சுக்கும். எந்த ஓட்டை எலும்புக்கு வரமோ அதே ஓட்டை சுத்தம் பண்றவனுக்கு சோதனை. எடை போட்டுப் பார்ப்போம், சாம்பிள் எடுத்து சி.டி. எடுப்போம், சில பீஸை அறுத்தே பார்ப்போம்.

அதே மாதிரி பவுடர். ஒரு தடவை பிரிண்ட் பண்ணி மிச்சமாகற பவுடரை சலிச்சு மறுபடி உபயோகிக்கறதுதான் வழக்கம், தப்பு இல்ல, ஆனா ஒவ்வொரு தடவை சூடு படும்போதும் டைட்டானியம் கொஞ்சம் கொஞ்சமா ஆக்சிஜனை குடிக்கும். ஆக்சிஜன் ஏற ஏற உலோகம் கெட்டியாகும், கூடவே நொறுங்கற குணமும் வரும். உடம்புக்குள்ள வைக்கற உயர்தர வகைக்கு ஆக்சிஜன் 0.13 சதவீதத்தை தாண்டக் கூடாதுன்னு வரம்பு இருக்கு. கண்ணால பார்த்து ஒண்ணும் தெரியாது, கலரும் மாறாது. அதனால எந்த பவுடர், எத்தனாவது தடவை, எதோட கலந்தது, எந்த தட்டுல போனதுன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுத்து இருக்கணும், எழுத்து விட்டுப்போச்சுன்னா பீஸ் எவ்வளவு நல்லா இருந்தாலும் தூக்கிப் போடணும். இதை ஒரு கிறுக்குப் பிடிவாதம்னு வெளியில இருக்கறவங்க நினைப்பாங்க, நான் இதுல ரொம்ப உறுதியா இருக்கேன், எழுத்து இல்லாத பீஸ் பீஸே இல்ல.

அப்புறம் சூட்டு வேலை. பிரிண்ட் ஆகும்போதே உள்ள இறுக்கம் ஏறியிருக்கும், தட்டுலேர்ந்து அறுக்கறதுக்கு முன்னாடி உலைல வச்சு அதை தணிக்கணும், இல்லேன்னா அறுத்த உடனே வளையும். பல இடத்துல 900 டிகிரி சூட்டை ஒட்டி, காத்தழுத்தத்தை போல கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு ஆர்கான் அழுத்தத்துல வச்சு எடுப்பாங்க, உலோகத்துக்குள்ள தெரியாம மாட்டின சின்னச் சின்ன காத்துக் குமிழ் எல்லாம் நசுங்கி மூடிக்கும். அவ்வளவு அழுத்தத்துல நாம ஆசையா வச்ச ஓட்டைங்க மட்டும் ஏன் நசுங்கலைன்னு என் பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி. அந்த ஓட்டைங்க வெளியில திறந்திருக்கு, வாயு உள்ளேயும் போய் உள்ளேயிருந்தும் அதே அளவுக்கு அழுத்துது, அதனால அது அப்படியே நிக்கும், மூடின குமிழுக்கு மட்டும்தான் கேடு. எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

இவ்வளவும் முடிஞ்சு டெஸ்ட்டு. அந்த டிசைன்ல எது ரொம்ப பலவீனமான அளவோ அதை எடுத்து மெஷின்ல வச்சு அழுத்தி விட்டு அழுத்தி விட்டு 50 லட்சம் தடவை வரைக்கும் ஓட்டுவாங்க, நேரா அழுத்தி ஒரு தடவை, சாய்வா வெட்டற மாதிரி ஒரு தடவை. எலும்பு மாதிரி மிருதுவா இருக்கற ஃபோம் கட்டையில வச்சு எவ்வளவு பாரத்துல புதையுதுன்னு தனியா. பிரிண்ட் பண்ணின பீஸுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா கேஜுக்குள்ள ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல இருக்கற சன்னக் கம்பிங்க கால் மில்லிமீட்டர் தடிமன்தான், அது மேல பாதி உருகின மணிங்க ஒட்டி சொரசொரப்பா இருக்கும், எலும்பு செல் பிடிச்சு ஏற அது தோது, ஆனா விரிசல் ஆரம்பிக்கறதுக்கும் அதுவே தோது. அமெரிக்காவுல மருந்தையும் மருத்துவ சாதனங்களையும் கண்காணிக்கற அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 டிசம்பர்ல பிரிண்ட் பண்ற மருத்துவ சாதனங்களுக்குன்னே ஒரு வழிகாட்டி போட்டாங்க. அதுலயும் பாருங்க, மிச்ச பவுடரை எப்படி எடுப்பே, பவுடரை எத்தனை தடவை திருப்பி போடுவே, தட்டுல எந்தப் பக்கமா நிக்க வச்சே, இந்த மாதிரி கேள்விங்கதான்.

கட்டுரையில "ஒவ்வொரு நோயாளிக்கும் அவங்க அளவுக்கே"ன்னும் இருந்துச்சு. கட்டி, பிறவிக் கோணல், ஏற்கனவே ரெண்டு தடவை ஆபரேஷன் ஆகி எலும்பு சிதைஞ்சவங்க, இந்த மாதிரி கேஸ்ல அப்படி செய்யறாங்க, அப்ப சி.டி. ஸ்கேனை வச்சு எலும்பை கம்ப்யூட்டர்ல பிரிச்சு, இன்ஜினியரும் சர்ஜனும் மாத்தி மாத்தி திருத்தி, அப்புறம் பிரிண்ட், அப்புறம் நான் சொன்ன எல்லா வேலையும், வாரக்கணக்கு ஆகும். மத்தவங்களுக்கு ரெடிமேட் அளவுங்கதான், உயரத்துல ஒண்ணு, சாய்வுல ஒண்ணுன்னு டப்பா நிறைய வரும், சர்ஜன் உள்ள வச்சுப் பார்த்து சரியா உக்காரறதை எடுப்பார். இதை யாரும் கீழா நினைக்க வேண்டாம், நல்ல சர்ஜன் கையில அதுவே பொருந்தும். இன்னும் சொல்லப்போனா எலும்போட மேல்தட்டை உடைக்காம அந்த டிஸ்க்கை எவ்வளவு சுத்தமா எடுத்தார்ங்கறது என் பீஸை விட முக்கியம். நோயாளி புகை பிடிக்கறவரா இருந்தா, எலும்பு மெலிஞ்சவரா இருந்தா, சர்க்கரை கட்டுக்குள்ள இல்லேன்னா, எவ்வளவு அருமையான ஓட்டை வச்சாலும் எலும்பு கூடறது கஷ்டம். ஆட்டு முதுகுல வச்சுப் பார்த்த ஆராய்ச்சிங்கள்ல ஓட்டைக்குள்ள எலும்பு நல்லா வளர்ந்திருக்கு, மனுஷங்களுக்கும் இதுவரை வந்த முடிவுகள் நம்பிக்கையாத்தான் இருக்கு, ஆனா பழைய கேஜுக்கு இருக்கற அளவு நீண்ட வருஷ அனுபவம் இதுக்கு இன்னும் சேரணும். "வலி நிரந்தரமா போயிரும்"னு போட்டிருந்தீங்களே, அந்த வார்த்தையை தயவுசெஞ்சு இனிமே போடாதீங்க. வலியோட ஒருத்தர் அதைப் படிப்பார்.

இனி அம்மா விஷயம். மூணு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு இடுப்புல ரெண்டு இடத்துல கேஜ் வச்சாங்க. நான் வெளியூர் வேலைல இருந்தேன், ஆபரேஷனுக்கு மறுநாள்தான் வர முடிஞ்சது. நல்லபடியா எழுந்தாங்க, நடந்தாங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு தலைசுத்தல்னு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் ரூம் வாசல்ல டெக்னீஷியன் "அம்மா, உடம்புல உலோகம் ஏதாவது வச்சிருக்கா"ன்னு கேட்டார், அம்மா முதுகைக் காட்டினாங்க. "என்ன உலோகம்மா, என்ன கம்பெனி, கார்டு இருக்கா?" அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் ஃபைலைப் புரட்டறேன், டிஸ்சார்ஜ் சம்மரியில "கேஜ் அண்ட் ஸ்க்ரூ ஃபிக்சேஷன்"னு ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். எந்தப் பொருள், எந்த அளவு, எந்த லாட், அதாவது எந்தத் தொகுதியில செஞ்சது, ஒண்ணுமே இல்ல. "தம்பி, எழுத்துல இல்லாம நான் உள்ள அனுப்ப முடியாது"ன்னார் அவர், அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. டைட்டானியம்னா காந்தம் இழுக்காது, சரியான செட்டிங்ல எடுக்கலாம், எனக்குத் தெரியும், ஆனா உள்ள இருக்கறது டைட்டானியம்தான்னு எனக்கே எப்படி தெரியும்? திரும்பி வர்ற வழியில அம்மா சொன்னாங்க, "என் முதுகுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியலையேடா"ன்னு. ஒன்பது வருஷமா ஒவ்வொரு பவுடர் மணிக்கும் கணக்கு எழுதற என்னால அதுக்கு பதில் சொல்ல முடியல.

ஆபரேஷன் பண்ணின இடத்துக்கு நாலு தடவை அலைஞ்சு, அஞ்சாவது தடவை ரெக்கார்டு ரூம்ல இருந்த ஒரு அம்மா மனசு வச்சு பழைய கேஸ் ஷீட்டை எடுத்துக் கொடுத்தாங்க. தியேட்டர் நோட்ஸ் பின்பக்கத்துல ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. ஒவ்வொரு இம்ப்ளான்ட் பாக்கெட்டுக்குள்ளயும் இந்த ஸ்டிக்கர் நாலஞ்சு வைப்பாங்க, ஒண்ணு கேஸ் ஷீட்டுக்கு, ஒண்ணு நோயாளிக்குன்னுதான் கணக்கு. பொருள் பேரு டைட்டானியம் அலாய், உயரம், சாய்வு, லாட் நம்பர், எல்லாமே தெளிவா. பிரிண்ட் பண்ணின பீஸுதான். அந்த லாட் நம்பரைப் பார்த்ததும் என் கை நடுங்கிருச்சு, ஏன்னா அந்த ஒரு நம்பரைப் பிடிச்சா எந்த பவுடர், எந்த தட்டு, எந்த உலை, யாரு பாஸ் போட்டதுன்னு எல்லாத்துக்கும் திரும்பிப் போகலாம். எங்கயோ என்னை மாதிரி ஒருத்தர் வெள்ளை பேப்பர் விரிச்சு தட்டிப் பார்த்து கையெழுத்து போட்டிருக்கார். அத்தனை பேர் காப்பாத்திக் கொண்டுவந்த அந்த நம்பர், கடைசி ஆளு கைக்கு வரவேண்டிய இடத்துல நின்னு போச்சு.

நாளைக்கே அந்த லாட்ல ஏதோ கோளாறுன்னு கம்பெனி திருப்பிக் கேட்டா யாரு எங்கம்மாவைத் தேடி வந்து சொல்வாங்க? ஐரோப்பாவுல புது மருத்துவ சாதன சட்டம் 2021 மே மாசம் நடைமுறைக்கு வந்துச்சு, அதுல இந்த மாதிரி இம்ப்ளான்ட் வச்சவங்க கையில அவங்க பேரோட ஒரு கார்டு கொடுத்தே ஆகணும்னு 18வது பிரிவுல எழுதியிருக்கு. அமெரிக்காவுல 2013லேயே ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி அடையாள எண் விதி வந்தாச்சு. சட்டம் எங்க எப்படி இருந்தாலும் நோயாளி வாயைத் திறந்து கேட்டா அந்த ஸ்டிக்கரைக் கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும். கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியணுமே, அதுக்குத்தான் பேப்பர்.

ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட எனக்கு வைக்கப் போறது என்ன பொருள், பீக்கா டைட்டானியமா, ஏன் எனக்கு இதுன்னு கேக்கலாம், எந்த நல்ல டாக்டரும் இதுக்கு கோச்சுக்க மாட்டார். எலும்பு கூடிருச்சான்னு எப்ப, எந்த ஸ்கேன்ல பார்ப்பீங்கன்னு கேக்கலாம், டைட்டானியம்னா சி.டி.ல கொஞ்சம் கோடு கோடா நிழல் விழும், அதனால இதை முன்னாடியே பேசி வச்சுக்கறது நல்லது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஸ்டிக்கரோ கார்டோ வாங்காம கிளம்பக் கூடாது. வாங்கினதை போன்ல ஒரு போட்டோ எடுத்து வீட்ல ரெண்டு பேருக்கு அனுப்பி வச்சிருங்க, பேப்பர் தொலைஞ்சாலும் அது இருக்கும்.

எங்கம்மா ஸ்டிக்கரை நான் லேமினேட் பண்ணிக் கொடுத்துட்டேன், கண்ணாடிக் கூட்டுக்குள்ள வச்சிருக்காங்க, எங்க போனாலும் கூடவே போகுது. எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாச்சு, பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை நீங்க இதைப் பத்தி எழுதும்போது அந்தப் பளபளப்பான முழு எலும்பு படத்துக்குப் பக்கத்துல, லாட் நம்பர் தெரியற மாதிரி ஒரு கார்டு படமும் சின்னதா போடுங்க. மாதிரிக்கு வேணும்னா எங்கம்மாவோடதை, பேரை மறைச்சு, நான் அனுப்பி வைக்கறேன், அவங்க சரின்னு சொல்லிட்டாங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்